எதை முதலில் உயர்த்துவது?

கைப்பேசி விளையாட்டைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று அருட்சகோதரியர் புருவம் உயர்த்தலாம். "படிக்கிற வயதில் இது வேறா?" என்று பெற்றோர் கேட்கலாம். சற்றே பொறுத்து முழுவதும் படித்தருளுமாறு வேண்டுகிறோம். இது விளையாடச் சொல்லும் கட்டுரை அன்று. கையில் இருக்கும் சிறு பொருளை எதில் முதலில் இடுவது என்னும் கேள்விக்கு விடை தேடும் கட்டுரை. அந்தக் கேள்வி மாதச் சம்பளத்தைப் பங்கிடும் அம்மாவுக்கும் உண்டு. பொதுத் தேர்வை எதிர்நோக்கும் எங்களுக்கும் உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் குடியாத்தத்தில் உள்ள அத்தை வீட்டில் நாங்கள் மூவர் சேர்ந்தோம். அத்தையின் கைப்பேசி மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் எங்கள் கைக்கு வரும். அதில் இருந்தது ஐடில் மைனர் டைகூன் என்னும் சுரங்க விளையாட்டு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் மாணவர்கள் சிலர் தொடங்கிய நிறுவனம் இதை 2016ஆம் ஆண்டில் வெளியிட்டது. பிற்பாடு அது கோலிப்ரி கேம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. 2020இல் பிரான்சு நாட்டின் யூபிசாஃப்ட் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது.

இத்தகைய விளையாட்டுகளை 'ஐடில்' வகை என்பார்கள். நம் மொழியில் சொன்னால் 'சும்மா இருக்கும் விளையாட்டு'. ஓட வேண்டாம், சுட வேண்டாம். தொழிலாளர் தாமே தோண்டுவர். பணம் தானே சேரும். நம் வேலை ஒன்றே ஒன்று: சேர்ந்த பணத்தை எதில் இட்டால் வருமானம் விரைந்து பெருகும் என்று தீர்மானிப்பது. எங்கள் சண்டையும் அங்கேதான் தொடங்கிற்று. எங்களில் சிறியவள், "புதுத் தளம் திறப்போம்" என்பாள். பெரியவள், "சேர்த்து வைத்துப் பெரிதாக வாங்குவோம்" என்பாள். மற்றவளோ எது மலிவோ அதை அழுத்திவிடுவாள். மூவருமே தவறு செய்தோம் என்பதை உணர இரண்டு வாரம் ஆயிற்று.

சுரங்கம் இயங்கும் விதம்

முதலில் சுரங்கத்தின் அமைப்பைப் பார்ப்போம். பூமிக்கடியில் தளம் தளமாகச் சுரங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தளத்திலும் தொழிலாளர் கனிமத்தை வெட்டி அங்குள்ள பெட்டியில் சேர்க்கின்றனர். லிஃப்ட் ஒன்று கீழே இறங்கி ஒவ்வொரு பெட்டியாக அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. மேலே சுமப்போர் அதை வாங்கிக் கிடங்கில் கொண்டு போய்ச் சேர்க்கின்றனர். கிடங்கை அடைந்த பிறகே அது பணமாகிறது. தளம், லிஃப்ட், கிடங்கு ஆகிய மூன்றையும் பணம் கொடுத்துப் படிப்படியாக உயர்த்தலாம். இதைத்தான் 'அப்கிரேட்' என்கின்றனர்.

தோழியரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கீழே எவ்வளவு வெட்டினாலும் கிடங்கு வந்து சேராத கனிமத்திற்குக் காசு இல்லை.

முதல் விதி: முதலில் மேனேஜர்

மேனேஜர் இல்லாத இடத்தில் நாமே விரலால் தொட்டால்தான் வேலை நடக்கும். மேனேஜரை அமர்த்திவிட்டால் நாம் உறங்கும்போதும் நடக்கும். எங்களுக்கு நாளைக்கு ஒரு மணி நேரமே கைப்பேசி கிடைக்கும் என்றால், மீதி இருபத்து மூன்று மணி நேரமும் மேனேஜரின் கையில்தானே இருக்கிறது? கணக்குக்காக நிமிடத்திற்கு 600 ரூபாய் வருமானம் என்று கொள்வோம். அதே வேகத்தில் எட்டு மணி நேர இரவு கழிந்தால் 2,88,000 ரூபாய் சேரும். மேனேஜர் இல்லையெனில் காலையில் கல்லாப் பெட்டி காலி.

தளம், லிஃப்ட், கிடங்கு ஆகிய மூன்றிலும் மேனேஜர் இருக்க வேண்டும். ஓரிடத்தில் இல்லையென்றாலும் சங்கிலி அறுந்து போகும். நாங்கள் முதல் நாள் எல்லாத் தளங்களிலும் மேனேஜரை அமர்த்திவிட்டுக் கிடங்கை மறந்துவிட்டோம். மறுநாள் மாலை திறந்து பார்த்தால், மேலே மலைபோல் கனிமம். கையில் பழைய பணம்!

இரண்டாம் விதி: குறுகிய இடத்தைக் கண்டுபிடி

குறுகிய கழுத்துள்ள புட்டியைக் கவிழ்த்தால் நீர் எந்த வேகத்தில் வெளிவரும்? புட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கழுத்து விடும் வேகத்தில்தான் வரும். சுரங்கமும் அப்படியே.

ஓர் எடுத்துக்காட்டு. எல்லாத் தளங்களும் சேர்ந்து நிமிடத்திற்கு 900 ரூபாய்க் கனிமத்தை வெட்டுகின்றன. லிஃப்ட் 400 ரூபாய் அளவே தூக்குகிறது. கிடங்கின் ஆட்கள் 600 வரை சுமக்க வல்லவர்கள். அப்படியானால் நம் வருமானம் என்ன? 900 அன்று, வெறும் 400. இப்போது புதிய தளம் திறந்து 900ஐ 2,000 ஆக்கினாலும் வருமானம் அதே 400தான்! போட்ட பணம் முழுதும் வீண். மாறாக லிஃப்டை 700 ஆக உயர்த்தினால் வருமானம் 600 ஆகிறது. ஏன் 700 ஆகவில்லை? இப்போது கிடங்கு குறுகிய இடமாகிவிட்டது. ஆகவே அடுத்த பணம் கிடங்குக்கு. இவ்வாறு குறுகிய இடம் இடம் மாறிக்கொண்டே போகும். நம் கண்ணும் அதன் பின்னாலேயே போக வேண்டும்.

குறுகிய இடத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கே வேண்டாம். குவியலைப் பார்த்தால் போதும். தளத்துப் பெட்டிகளில் கனிமம் தேங்கிக் குவிந்தால் குறை லிஃப்டில். லிஃப்டின் உச்சியில் குவிந்தால் குறை கிடங்கில். எங்கும் குவியல் இன்றி, லிஃப்ட் பாதி காலியாக மேலே வந்தால் அப்போதுதான் தளங்களுக்குச் செலவிட வேண்டும். லிஃப்ட் மேல் தளங்களிலேயே நிரம்பிவிட்டால் அடித்தளத்தை எட்டாமலே திரும்பிவிடும். ஆழத்தில் விலையுயர்ந்த தளத்தை வாங்கிப் போட்டுவிட்டு அதன் பெட்டி தீண்டப்படாமல் கிடப்பதை நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம்.

இந்த உண்மையை விளையாட்டுகள் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட், 1984இல் வெளிவந்த 'தி கோல்' என்னும் நூலில் தொழிற்சாலைகளுக்கு இதையே விளக்கினார். அதில் சாரணச் சிறுவர்கள் வரிசையாக மலைப்பாதையில் நடப்பார்கள். ஹெர்பி என்னும் சிறுவன் எல்லாரினும் மெதுவாக நடப்பவன். முன்னே போகிறவர்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் கூட்டம் முழுவதும் போய்ச் சேரும் நேரம் ஹெர்பியைப் பொறுத்ததே. அவனை முன்னால் நிறுத்தி, அவன் முதுகுப் பையின் சுமையை மற்றவர்கள் பங்கிட்டுக் கொண்டதும் எல்லாருமே விரைவாக நடந்தனர்.

மூன்றாம் விதி: போட்ட முதல் எப்போது திரும்பும்?

குறுகிய இடம் தெரிந்துவிட்டது. ஆனால் குறை தளங்களில் என்றால், பத்துத் தளங்களில் எதை உயர்த்துவது? இங்கேதான் கணக்கு உதவுகிறது. ஒன்றின் விலையை, அது கூட்டித் தரும் வருமானத்தால் வகுத்தால், போட்ட முதல் எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்பது தெரியும். எது விரைவில் திரும்புமோ அதை முதலில் வாங்க வேண்டும்.

இதை விளக்க, இவ்வகையில் புகழ்பெற்ற குக்கி கிளிக்கரை எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டின் ஜூலியன் தியனோ 2013இல் உருவாக்கிய விளையாட்டு இது. இதில் காசுக்குப் பதில் பிஸ்கட். அதன் தொடக்க விலைகள் வருமாறு: விரல் ஒன்று 15 பிஸ்கட்; வினாடிக்கு 0.1 தரும். பாட்டி ஒருவர் 100 பிஸ்கட். வினாடிக்கு 1 தருவார். பண்ணை 1,100, வினாடிக்கு 8 தரும். சுரங்கம் 12,000, வினாடிக்கு 47 தரும். வகுத்துப் பாருங்கள். விரலுக்குப் போட்ட முதல் 150 வினாடியில் திரும்புகிறது, பாட்டிக்கு 100 வினாடி, பண்ணைக்கு ஏறத்தாழ 138, சுரங்கத்திற்கு 255. ஆக, மிக மலிவானது முதலிடம் பெறவில்லை. மிகப் பெரியதும் பெறவில்லை. பாட்டிதான் வென்றார்! மலிவு என்று அழுத்தியவளுக்கும், பெரிதே நல்லது என்றவளுக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்தது.

அதற்காகப் பாட்டியையே வாங்கிக் குவிக்கலாமா? கூடாது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அப்பொருளின் விலை 1.15 மடங்காக ஏறுகிறது. பார்வைக்குச் சிறு ஏற்றம்தான். ஆயினும் பத்து வாங்கிய பின் விலை நான்கு மடங்கு; இருபதுக்குப் பின் பதினாறு மடங்கு; ஐம்பதுக்குப் பின் ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். கூட்டு வட்டியும் இப்படித்தான் ஏறுகிறது. நான்காம் பாட்டியை வாங்கப் போனால் விலை 152ஐத் தாண்டிவிடும். போட்ட முதல் திரும்பவும் அத்தனை வினாடி ஆகும். 138 வினாடியில் முதலைத் தரும் பண்ணை அப்போது முந்திக்கொள்கிறது. ஆகவே ஒரு முறை கணக்கிட்டு அதையே பிடித்துக்கொள்வது பிழை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

நான்காம் விதி: காத்திருப்பதும் செலவே

சேர்த்து வைத்துப் பெரிதாக வாங்கலாம் என்ற பெரியவளின் கட்சியையும் சோதித்தோம். வினாடிக்கு 5 பிஸ்கட் வருமானம் இருக்கும்போது 12,000 பிஸ்கட் சுரங்கத்திற்காகச் சேர்க்கத் தொடங்கினால் 2,400 வினாடி, அதாவது 40 நிமிடம் காத்திருக்க வேண்டும். முதலில் 1,100க்குப் பண்ணை வாங்கினால் அதற்கு 220 வினாடி. இப்போது வருமானம் 13. அதன்பின் சுரங்கத்திற்குச் சேர்க்க 923 வினாடி. இரண்டையும் கூட்டினால் 19 நிமிடம்தான்! பாதி நேரத்தில் சுரங்கமும் கிடைத்தது. பண்ணையும் கையில் நிற்கிறது. "அகலக் கால் வைக்காதே" என்று பெரியோர் சொன்னதன் பொருள் எங்களுக்கு அன்று விளங்கிற்று. ஆகவே சேர்க்கப் பிடிக்கும் நேரம், முதல் திரும்பும் நேரம் ஆகிய இரண்டையும் கூட்டிப் பார்த்து, எது குறைவோ அதையே முதலில் வாங்குதல் நலம்.

இன்னும் இரண்டு சிறு குறிப்புகள். ஐடில் மைனரில் சில மேனேஜர்கள் சிறிது நேரத்திற்கு அப்கிரேடின் விலையைக் குறைக்கும் ஆற்றல் உடையவர்கள். பெரிய செலவுகளை அந்த நேரத்திற்கு ஒதுக்கி வைத்தல் சிக்கனம். 'பிரஸ்டீஜ்' என்றும் ஒன்று உண்டு. சுரங்கத்தை அடியோடு விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் வருமானம் பன்மடங்காகும். கட்டியதை இழக்க மனம் வராது. ஆனால் அடுத்த படி எதற்குமே நெடுநேரம் காத்திருக்க வேண்டிய நிலை வந்துவிட்டால், புதிதாகத் தொடங்குவதே விரைவு.

தாத்தா கேட்ட கேள்வி

ஒரு மாலை அத்தையின் மாமனார் எங்கள் பின்னால் வந்து நின்றார். அவர் கோலார் தங்கவயலில் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தவர். 2001இல் சுரங்கம் மூடப்படும் வரை, ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் பொறியை இயக்கியவர். லிஃப்டைப் பற்றிய எங்கள் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னோம். தாத்தா சிரித்தார். "இதுக்கா ரெண்டு வாரம், பாப்பா? கேஜ் எத்தனை நடை ஏறுதோ அவ்வளவு கல்லுதான் வெளியே வரும். இது எங்களுக்கு முதல் நாளே தெரியும்" என்றார்.

பிறகு கைப்பேசியை வாங்கிச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "தண்ணி இறைக்கிற பம்ப் எங்கே? காத்து வர வழி எங்கே? கூரைக்கு முட்டு எங்கே?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. விளையாட்டில் அவை இல்லவே இல்லை.

உண்மைச் சுரங்கத்தில் முதலில் உயர்த்த வேண்டியவை அவையே என்று தாத்தா விளக்கினார். நாங்களும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். 1712இல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் நிறுவிய நீராவிப் பொறி நிலக்கரியை வெட்டுவதற்காக அன்று, சுரங்கத்தில் ஊறும் நீரை இறைப்பதற்காகவே அமைக்கப்பட்டது. நீர் வடியாவிட்டால் ஆயிரம் பேர் இருந்தும் பயன் இல்லை அல்லவா? கோலார் சுரங்கத்திற்கு 1902இலேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறை தகிக்கும். சில வேளை வெடித்துச் சிதறும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற எத்தனையோ குடும்பங்கள் அங்கே உழைத்தன, உயிரையும் கொடுத்தன.

"உங்க ஆட்டத்துல ஒருத்தனுக்கும் காயம் படறதில்லை. அதனால எதை முதல்ல செய்யறதுன்னு காசை மட்டும் வெச்சு முடிவு பண்றீங்க. எங்களுக்கு ஆளு மேலே வந்து சேர்றதுதான் முதல்" என்று சொல்லிவிட்டுத் தாத்தா திண்ணைக்குப் போய்விட்டார். அன்று நாங்கள் மூவரும் அதற்கு மேல் விளையாடவில்லை.

அவர் சொன்னதில் ஐந்தாம் விதி ஒன்று இருக்கிறது. எதை முதலில் உயர்த்துவது என்று கேட்குமுன், எது நமக்கு முதன்மை என்று தெரிந்திருக்க வேண்டும். இலக்கு தவறானால் கணக்குச் சரியாக இருந்தும் பயனில்லை. விளையாட்டிலும் இது பொருந்தும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவரிடம் உண்மைப் பணத்தை வாங்கிக்கொண்டு காத்திருப்பைக் குறைத்துத் தருவது இத்தகைய விளையாட்டுகளின் வாணிபம். எங்கள் சின்னவளும் ஒரு நாள், "அத்தையிடம் கேட்டு வாங்கிவிடலாமே" என்றாள். குறுகிய இடம் எங்கள் பொறுமை ஒன்றுதான். அதை உயர்த்தக் காசு தேவையில்லை என்று பெரியவள் சொன்னாள். சின்னவள் சிறிது முகம் சுளித்தாள், பிறகு ஒத்துக்கொண்டாள்.

வகுப்பறையில் ஒரு குவியல்

விடுமுறை முடிந்தது. காலாண்டுத் தேர்வில் எங்கள் வகுப்பில் பலருக்குக் கணிதம் கையைவிட்டது. நாங்கள் சோம்பி இருக்கவில்லை. இயற்கணிதப் பயிற்சிகளை இரவெல்லாம் போட்டோம், நோட்டுகள் தீர்ந்தன, மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. அப்போது சுரங்கத்துப் பெட்டி நினைவுக்கு வந்தது. எங்கே குவிகிறது என்று பார்ப்போமே என்று எங்கள் விடைத்தாள்களை எடுத்து வைத்துப் பிழைகளை எண்ணினோம். வியப்பாக இருந்தது. சூத்திரத்தில் பிழை மிகக் குறைவு. பெரும்பாலானவை பின்னங்களைக் கூட்டுவதிலும், கழித்தல் குறியை அடைப்புக்குறிக்குள் கொண்டு செல்வதிலும் நேர்ந்தவை. ஆறாம் ஏழாம் வகுப்பில் படித்தவை!

நாங்கள் ஆழத்தில் புதுப்புதுத் தளங்களைத் திறந்துகொண்டே இருந்தோம். லிஃப்டோ பழைய லிஃப்ட். கணித ஆசிரியையான சகோதரியிடம் இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. மாலையில் அரை மணி நேரம் பின்னங்கள் மட்டும் என்று எங்களுக்காக ஒதுக்கினார். பத்தாம் வகுப்பில் ஆறாம் வகுப்புக் கணக்கைப் போட முதலில் வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் சென்றபின் அதே இயற்கணிதம் தானாக வழிவிட்டது. அரையாண்டுத் தேர்வில் எங்கள் சிறு கூட்டத்தில் தவறியவர் ஒருவரும் இல்லை.

தோழியரே! நமக்குப் பிடித்த பாடத்தையே மேலும் மேலும் படிப்பது எளிது, இனிதும்கூட. ஆனால் அது ஏற்கெனவே நிரம்பிய பெட்டியில் மேலும் கனிமத்தைக் கொட்டுவதாகும். எங்கே குவிந்து கிடக்கிறது, எது குறுகி நிற்கிறது என்று பாருங்கள். அங்கே கை வையுங்கள். அது திறந்ததும் அடுத்ததைத் தேடுங்கள். வகுப்பில் மெதுவாக நடக்கும் தோழி ஒருத்தி இருந்தால் அவள் சுமையில் சிறிதை வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு முழுவதும் விரைந்து நடக்கும்.

குடியாத்தத்துச் சுரங்கம் இப்போது அத்தையின் கைப்பேசியில் தன்பாட்டுக்குத் தோண்டிக்கொண்டிருக்கும். பொதுத் தேர்வு முடியும்வரை அதைத் திறப்பதில்லை என்று மூவரும் முடிவு செய்திருக்கிறோம். மேனேஜர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி